போன மாதக் கணக்கை மாற்றிய ஒரு வரி

காலை பத்தரை மணி இருக்கும். ஒரு பால் கொள்முதல் நிலையத்துச் செயலாளரிடமிருந்து போன். "ஏனுங்க தம்பி, ஒரே ஆளுக்கு ரெண்டு பட்டியல் கையில வச்சிருக்கேன். ரெண்டும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததுதான். எதை நம்பறதுங்க?"

முதல் பட்டியல் போன மாதம் பட்டுவாடா அன்று அச்செடுத்தது. இரண்டாவதை அன்று காலைதான் எடுத்திருக்கிறார். உறுப்பினர் ஒருவர் மாட்டுக் கடனுக்காக வங்கியில் காட்ட வேண்டும் என்று கேட்டாராம். அதே உறுப்பினர், அதே பத்து நாள், இருபது வேளை, அதே 84 லிட்டர். தொகை மட்டும் 29 ரூபாய் 40 காசு கூடியிருந்தது. லிட்டருக்கு 35 காசு.

முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாத வரவை யாரும் தொடவில்லை. வரவு பதிவாகும் டேபிளைத் திறந்து பார்த்தேன், ஒரு எண் கூட மாறவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஒன்றாம் தேதி காலையில், அந்த டேபிளிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு வியூவில் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தேன். 0.36 இருந்த இடத்தில் 0.50. அவ்வளவுதான் நான் செய்தது.

பால் கணக்கு தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நிலையத்தில் ஒருவர் பால் ஊற்றும்போது மூன்று அளவுகள் எடுப்பார்கள்: எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, லாக்டோமீட்டர் என்ன காட்டுகிறது. விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் வைத்துத்தான் போடப்படும். எஸ்.என்.எஃப் என்றால் கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடப்பொருள். நாங்கள் கணக்குப் போட்ட நிலையங்களில் அதை யாரும் தனியாக அளப்பதில்லை. லாக்டோமீட்டர் அளவை நான்கால் வகுத்து, கொழுப்பின் 0.21 மடங்கைக் கூட்டி, கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்த்தால் எஸ்.என்.எஃப் வந்துவிடும். லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4 என்றால் 7, அதோடு 0.84, அதோடு 0.36. மொத்தம் 8.2. அந்தக் கடைசி மாறிலி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எங்களிடம் 0.36 இருந்தது, ஒன்றாம் தேதி முதல் 0.50 என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அதே பாலுக்கு இனி 8.34.

கணக்குப் போட்டு வருகிற எண்ணை டேபிளில் சேமிக்கக் கூடாது, வியூவில் வை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். கட்டளைகளை இங்கே ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்:

கிரியேட் வியூ வரவு_கணக்கு ஆஸ்
செலக்ட் உறுப்பினர், தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு,
எல்ஆர் / 4.0 + 0.21 * கொழுப்பு + 0.36 ஆஸ் எஸ்என்எஃப்
ஃப்ரம் பால்_வரவு;

(பெயர்களைத் தமிழிலேயே விட்டதற்காகச் சிரிக்க வேண்டாம். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தமிழ்ப் பெயர்களை மேற்கோள்குறி கூட இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். நாங்கள்தான் ஏற்றுக்கொள்ளவில்லை.) அந்த 4.0க்கும் ஒரு காரணம் உண்டு. எல்ஆர், அதாவது லாக்டோமீட்டர் அளவு, முழு எண்ணாக இருந்து வெறும் 4 என்று எழுதினால், 29ஐ 4ஆல் வகுத்து 7 என்று கொடுத்துவிடும். மிச்ச 0.25 காணாமல் போய்விடும்.

வியூ என்பது ஒரு டேபிள் மாதிரி நடிக்கும் கேள்வி. அதற்குள் ஒரு வரி தரவு கிடையாது. நீங்கள் வியூவிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது உள்ளே எழுதி வைத்த கேள்வியை எடுத்து, உங்கள் கேள்வியோடு சேர்த்து, அடியில் இருக்கும் டேபிளிடம் போய்க் கேட்கிறது. இதை நான் நூறு பேருக்குப் பாடமாக எடுத்திருப்பேன். ஆனாலும் 0.36ஐ அழித்து 0.50 என்று எழுதும்போது, இது இன்றைக்கு மட்டுமல்ல, ஐந்து வருடம் முன்பு ஊற்றிய பாலுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டேபிளுக்கு ஞாபகம் உண்டு. வியூவுக்குக் கிடையாது, அது கேட்கிற நொடியில்தான் வாழ்கிறது.

இந்த யோசனை புதிதல்ல. எட்கர் காட் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தபடி தரவை டேபிள்களாகப் பார்க்கும் உறவுமுறை மாதிரியைப் பற்றிய கட்டுரையை 1970இல் வெளியிட்டார். தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் ஆரம்பம். அதைச் செயலில் காட்ட ஐபிஎம் கட்டிய சிஸ்டம் ஆர் என்ற சோதனை முயற்சியில் வியூவும் வந்தது. 1985இல் காட் தன் புகழ்பெற்ற விதிகளை எழுதியபோது ஆறாவது விதியை வியூவுக்கே ஒதுக்கினார்: எந்த வியூவை மாற்றுவது கோட்பாட்டின்படி சாத்தியமோ, அதை மாற்ற டேட்டாபேஸ் விட வேண்டும். இதை முழுதாக நிறைவேற்றிய டேட்டாபேஸ் எதையும் நான் தொட்டதில்லை.

சரி, உருவாக்குவதற்கு வருவோம். இதில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் பயனர்கள் 2005இல் 5.0 வரும்வரை வியூவே இல்லாமல் இருந்தார்கள், இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒன்றே ஒன்று: வியூவுக்குள் நட்சத்திரம் போட்டு 'செலக்ட் *' எழுதாதீர்கள். போஸ்ட்கிரெஸ் அந்த நட்சத்திரத்தை வியூ உருவாகும் கணத்திலேயே பெயர்களாக விரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் வியூவில் வராது. (அலுவலகத்தில் எல்லோரும் 'காலம்' என்போம். இங்கே அப்படி எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள், ஆகவே நெடுவரிசை.) மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இது இன்னும் விபரீதம். டேபிளில் ஒரு நெடுவரிசையை நீக்கி வேறொன்றைச் சேர்த்திருந்தால், பழைய தலைப்புக்குக் கீழே வேறு நெடுவரிசையின் மதிப்பு வந்து உட்கார்ந்துவிடும், பிழைச்செய்தி எதுவும் இல்லாமல். வியூவைப் புதுப்பிக்க அதற்கென்றே எஸ்பி_ரெஃப்ரெஷ்வியூ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மாற்றுவதில்தான் கதையே இருக்கிறது. 'ஆல்டர் வியூ' என்ற கட்டளையைப் பார்த்ததும் கேள்வியை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றும். எஸ்க்யூஎல் சர்வரிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ்ஸில் ஆல்டர் வியூ பெயரை மாற்றும், உரிமையாளரை மாற்றும், கேள்வியைத் தொடாது. கேள்வியை மாற்ற 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ'. அதிலும் ஒரு நிபந்தனை: ஏற்கெனவே இருக்கும் நெடுவரிசைகள் அதே பெயர், அதே வகை, அதே வரிசையில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பதைக் கடைசியில்தான் சேர்க்கலாம்.

இது தெரியாமல் ஒருமுறை கொழுப்புக்கும் எஸ்என்எஃப்புக்கும் நடுவே எல்ஆர் நெடுவரிசையைச் செருகினேன். அச்சில் அந்த இடத்தில் இருந்தால் அழகாக இருக்கும் என்று நிலையத்தில் சொன்னார்கள். போஸ்ட்கிரெஸ் என்ன சொன்னது தெரியுமா? "எஸ்என்எஃப் என்ற நெடுவரிசையின் பெயரை எல்ஆர் என்று மாற்ற முடியாது." நான் எங்கே பெயரை மாற்றினேன்? பத்து நிமிடம் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். அது ஆறாவது இடத்தைப் பார்க்கிறது. நேற்று அங்கே எஸ்என்எஃப் இருந்தது, இன்று எல்ஆர் இருக்கிறது, ஆகவே பெயர் மாற்றம். அதன் பார்வையில் அது சொல்வது சரிதான். பதிப்பு 13இலிருந்து கூடவே ஒரு குறிப்பும் தருகிறது, பெயர் மாற்ற வேண்டுமென்றால் ஆல்டர் வியூவைப் பயன்படுத்து என்று. நடுவில் செருக வந்தவனுக்கு அந்தக் குறிப்பு ஊருக்குப் போகிற வழி கேட்டால் கோயிலுக்கு வழி சொன்ன கதை.

அந்த மாலைதான் என் வேலை வாழ்க்கையின் மோசமான இருபது நிமிடங்கள் தொடங்கின. மாற்ற முடியவில்லையா, நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கலாம் என்று 'டிராப் வியூ' அடித்தேன். முடியாது, மற்ற பொருட்கள் இதைச் சார்ந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் காட்டியது. கீழே, எல்லாவற்றையும் சேர்த்து நீக்க வேண்டுமானால் 'கேஸ்கேட்' பயன்படுத்தவும் என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார். நான் பட்டியலைப் படிக்காமல் குறிப்பைப் படித்தேன்.

கேஸ்கேட் அடித்த மறுநொடி, மேலும் ஐந்து பொருட்கள் நீக்கப்பட்டன என்று அறிவிப்பு வந்தது. பட்டுவாடாப் பட்டியல், டேங்கரில் ஏற்றிய பாலையும் நிலையத்தில் வாங்கிய பாலையும் ஒப்பிடும் அறிக்கை, மாத இறுதித் தொகுப்பு, இரவில் ஒருமுறை புதுப்பிக்கிற ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ, அதன்மேல் ஒன்று. மெட்டீரியலைஸ்டு வியூ மட்டும் விதிவிலக்கு, அதற்குள் விடைகள் நிஜமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அதுவும், தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸோடு சேர்ந்து போய்விட்டது.

ஐந்தில் நான்கின் வரையறை நிரல்களைப் பதிப்பு வாரியாகச் சேமிக்கும் எங்கள் கிட் களஞ்சியத்தில் இருந்தது. ஐந்தாவது இல்லை. அதை யாரோ நேரடியாக உற்பத்தி சர்வரில், அதாவது நிலையங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் கணினியில், உருவாக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து அந்த ஒன்றின் வரையறையைத் தோண்டி எடுத்தேன். நான் எழுதிய வடிவில் அது இல்லை. போஸ்ட்கிரெஸ் வியூவின் மூல எழுத்தை வைத்துக்கொள்வதில்லை. பகுத்துப் புரிந்துகொண்ட வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும்போது தன் பாணியில் திருப்பி எழுதிக் கொடுக்கும். உள்ளே இருந்த கமெண்டுகள் போய்விடும். "இந்த நிபந்தனை ஏன் என்றால்" என்று நான் எழுதிய மூன்று வரி காணவில்லை. அந்த நிபந்தனை ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எடுக்கவும் பயம்.

எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு மூச்சு விட்டால், நிலையங்களிலிருந்து ஒவ்வொருவராகப் போன். அறிக்கை திறக்கவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது என்கிறதாம். டிராப் செய்தால் அந்த வியூவுக்கு யார் யாருக்கு அனுமதி கொடுத்திருந்தோம் என்பதும் சேர்ந்தே போய்விடும். கிரியேட் ஆர் ரீப்ளேஸ் என்றால் அனுமதிகள் அப்படியே இருக்கும். இரண்டு கட்டளைகளும் ஒரே விளைவைத் தருவதாக நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸில் இதை நான் செய்யும் விதம் இது. முதலில் 'பிகின்'. மொத்தமாக உறுதிசெய்யவோ மொத்தமாகக் கைவிடவோ கூடிய ஒரு தொகுப்பு அதில் தொடங்கும், அதற்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர். அப்புறம் கேஸ்கேட் இல்லாத டிராப். யாரும் சார்ந்திருந்தால் பட்டியலோடு மறுத்துவிடும். யாரும் இல்லையென்றால் நீங்கிவிடும், ஆனால் டிரான்சாக்‌ஷனுக்குள் இருப்பதால் 'ரோல்பேக்' போட்டால் திரும்பி வந்துவிடும். நீக்குவது, புதிதாக உருவாக்குவது, சார்ந்தவற்றை மறுபடி கட்டுவது, அனுமதி கொடுப்பது எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில். கடைசியில்தான் 'கமிட்'. நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகக் கூடாது. அதுவரை அந்த வியூவைத் தொடுகிற எல்லோரும் பூட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இந்த வித்தை பலிக்காது. அங்கே டிராப் அடித்த கணத்தில் தானாகவே கமிட் ஆகிவிடும். இன்னொரு வேடிக்கை, அங்கே கேஸ்கேட் என்று எழுதினாலும் ரெஸ்டிரிக்ட் (சார்ந்தவை இருந்தால் நீக்காதே) என்று எழுதினாலும் வாசித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அடியில் இருக்கும் வியூவை நீக்கினால் மேலே இருப்பது அப்படியே நிற்கும், யாராவது கேட்கும்போதுதான் உடைந்திருப்பது தெரியும். ஆரக்கிளும் நீக்க விட்டுவிடும், சார்ந்தவற்றுக்கு மட்டும் செல்லாது என்று முத்திரை குத்தி வைக்கும். எஸ்க்யூலைட்டில் ஆர் ரீப்ளேஸே கிடையாது, நீக்கிவிட்டு உருவாக்குவது ஒன்றுதான் வழி. போஸ்ட்கிரெஸ் முரண்டு பிடிப்பது எரிச்சலாக இருந்தாலும், அந்த முரண்டுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. டேபிளில் ஒரு நெடுவரிசையின் வகையை மாற்றப் போனால்கூட, இதை ஒரு வியூ பயன்படுத்துகிறது, முடியாது என்று நிறுத்திவிடும். நெடுவரிசையின் பெயரை மட்டும் மாற்றினால் வியூ அசையாமல் ஓடும், ஏனென்றால் அது பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, உள் எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டேட்டாபேஸுக்குத் தெரியாத சார்புகள்தான் ஆபத்து. போஸ்ட்கிரெஸ்ஸின் நிரல் மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஃபங்ஷனின் உடலுக்குள் வியூவின் பெயர் இருந்தால் அது சார்பாகப் பதிவாகாது. கணக்குப் பிரிவில் ஒருவர் எக்ஸெல்லில் இணைத்து வைத்திருப்பது எங்கேயும் பதிவாகாது. அதனால் ஒரு வியூவை நிரந்தரமாக நீக்குவதற்கு முன் நான் அதன் பெயரை மட்டும் மாற்றி ஒரு மாதம் விட்டுவைப்பேன். மாதக் கடைசிப் பட்டுவாடா தாண்டியும் யாரும் கத்தவில்லை என்றால் நீக்குவேன். அநாகரிகமான முறைதான். ஆனால் எந்த ஆவணத்தைவிடவும் போன் நம்பகமானது.

அனுமதி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இதற்கு முன் இருந்த ஓர் அலுவலகத்தில் மைஎஸ்க்யூஎல். ஒருவர் வேலையை விட்டுப் போனார், முறைப்படி அவருடைய டேட்டாபேஸ் கணக்கை நீக்கினோம். மறுநாள் பாதி அறிக்கைகள் ஓடவில்லை. மைஎஸ்க்யூஎல் வியூ இயல்பாகவே அதை உருவாக்கியவரின் உரிமையில்தான் ஓடும். டிஃபைனர் என்பார்கள். டிஃபைனரே இல்லை என்று 1449ஆம் எண் பிழையோடு நின்றுவிட்டது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் உரிமையாளரின் உரிமைதான் இயல்பு, ஆனால் அங்கே ஏதாவது ஒரு பொருள் அவர் பெயரில் இருக்கும்வரை அவரை நீக்கவே விடாது. கேட்பவரின் உரிமையில் வியூ ஓட வேண்டும் என்று சொல்லும் வசதி 2022இல் பதிப்பு 15இல்தான் வந்தது.

வியூ வழியாக எழுதுவதைப் பற்றி ஒரு பத்தி போதும். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் உறுப்பினர்கள் மட்டும் தெரியும் வியூ வைத்திருந்தோம். எளிமையான வியூ என்றால் அதன் வழியாகவே சேர்க்கலாம், திருத்தலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் 2013இல் வந்த 9.3இலிருந்து இது தானாக நடக்கும். ஆனால் நிலைய எண்ணைத் தவறாக அடித்தால் வரி உள்ளே போய்விடும், வியூவில் தெரியாது. சேர்த்தவர் சேரவில்லை என்று மறுபடி சேர்ப்பார். அப்படி ஒரே ஆள் நான்கு முறை உறுப்பினரானார். வியூ வரையறையின் கடைசியில் 'வித் செக் ஆப்ஷன்' என்று மூன்று சொல் சேர்த்திருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரியை அது ஏற்காமல் திருப்பியனுப்பியிருக்கும்.

செயலாளரின் இரண்டு பட்டியலுக்குத் திரும்புகிறேன். 0.50ஐ மறுபடி 0.36 ஆக்கினால் போன மாதம் சரியாகும், இந்த மாதம் தப்பாகும். 'கேஸ் வென் தேதி' என்று வியூவுக்குள்ளேயே ஒரு தேதியை எழுதினால் இன்றைக்குத் தப்பிக்கலாம், அடுத்த முறை இன்னொரு தேதி, அதற்கடுத்த முறை இன்னொன்று. அப்படி ஏழு தேதிகள் அடுக்கிய ஒரு வியூவை வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். அதைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை.

மாறக்கூடிய அந்த எண்ணை வியூவிலிருந்து பிடுங்கி ஒரு சின்ன டேபிளில் வைத்தேன். சூத்திரம் என்று பெயர். மாறிலி, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிக்கு முன்புவரை. இரண்டே வரிகள். வியூ இப்போது பால் வரவின் தேதியை அந்த டேபிளோடு சேர்த்துப் பார்க்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு காலவரம்புகள் ஒரு நாள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால், அந்த நாளின் ஒவ்வொரு வரவும் இரண்டு முறை வரும், உறுப்பினருக்கு இரட்டைப் பணம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அன்றைய பாலே காணாமல் போகும். மேலேறுவதைப் போஸ்ட்கிரெஸ்ஸின் ரேஞ்ச் வகையும் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடும் தடுத்துவிடும். விட்டுப்போவதைத் தடுக்க அதில் வழியில்லை, அதற்குத் தினமும் காலையில் வரவின் வரிகளையும் வியூவின் வரிகளையும் எண்ணி ஒப்பிடும் ஒரு சின்ன வேலையை ஓட விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பட்டுவாடா முடிந்த இரவே அந்தப் பத்து நாள் தொகைகளை வியூவிலிருந்து எடுத்து ஒரு டேபிளில் எழுதி வைக்கிறோம். கணக்குப் போட்டு வருவதைச் சேமிக்காதே என்ற பாடம் கணக்குக்குச் சரி. கொடுத்த பணம் கணக்கு அல்ல, நடந்துவிட்ட காரியம். பட்டியலை மறுபடி அச்செடுத்தால் இப்போது அந்த டேபிளிலிருந்துதான் வரும்.

மதியம் செயலாளரை அழைத்து மூன்றாவது முறை அச்செடுக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். முதல் பட்டியலோடு காசு சுத்தமாகப் பொருந்தியது. "அப்ப அந்த ரெண்டாவதைக் கிழிச்சுப் போட்டுருங்கண்ணே" என்றேன்.

"எங்கிட்ட இருக்கறதைக் கிழிச்சுரலாமுங்க தம்பி. இன்னொரு காப்பி எடுத்துக் குடுத்தனே, அதை அவரு பத்து மணிக்கே வங்கியில கொண்டுபோய்க் குடுத்துட்டாருங்க."